கண் மூடியவர்களையெல்லாம் அழித்தேன்

என் வாழ்க்கையில் நான் வேகமாகச் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை மெதுவாக முடித்தேன். கல்யாணத்தை மெதுவாகச் செய்தேன். பதினெட்டு வருடமாக ஒரே ஆபீஸில், ஒரே நாற்காலியில், மெதுவாக வயிறு வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வேலையை மட்டும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதற்கு வருத்தப்பட்டுத்தான் இன்னும் முடியவில்லை.

வார நாளில் நான் பாச்சாங்கில் ஸ்டோர் கிளார்க். சனி, ஞாயிறு வந்தால் கல்யாண போட்டோகிராபர். (நான்தான் அப்படிச் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் ‘அந்த கேமரா வச்சிருக்கிற ஆளு’ என்பார்கள்.) செலண்டாரில் இருக்கும் என் அக்காவின் ஒரே மகள் ஷாமினிக்குக் கல்யாணம் முடிவானது. தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வெளியாள் வந்து படம் எடுப்பதா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தாய்மாமன் வேலையையும் போட்டோ வேலையையும் ஒரே ஆள் எப்படிடா பார்ப்பாய் என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். எனக்கு இரண்டு கை இருக்கிறது என்றேன்.

அக்காவின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். நல்ல மனிதர், ஆனால் கேமராவுக்கு ஆகாதவர். லென்ஸைக் கண்டால் போதும், போலீஸ் ஸ்டேஷனில் விசாரணைக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துவிடுவார். சிரித்தாலோ வேறு மனிதர். கண்ணிரண்டும் காணாமல் போய்விடும், தோள் குலுங்கும், ஆனால் சத்தம் வராது. அந்தச் சிரிப்பு தீபாவளி மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

கல்யாணத்தன்று வந்தது. அதற்குக் காரணம் நான்.

பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டு மேடைக்கு அழைத்துவர வேண்டும். ஐயர் மைக்கில் தாய்மாமனைக் கூப்பிட்டார். நானோ மேடைக்குக் கீழே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, கேமராவோடு கேமராவாக இருந்தேன். ஐயர் மறுபடி கூப்பிட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் படத்தை எப்படி எடுப்பது? தலையைத் திருப்பி, மண்டபத்தில் இருந்த நானூறு பேருக்கும் கேட்கிற மாதிரி நானே கத்தினேன்.

“யாருங்க தாய்மாமன்? சீக்கிரம் வரச் சொல்லுங்க லா. எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?”

மச்சான் மேடை ஓரத்தில் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு தாம்பாளம் குலுங்கியது. கண் போயே போய்விட்டது. என் விரல் தானாக அழுத்தியது. ஒரே ஒரு படம்.

மாலையைப் போட ஓடினேன். அது கேமரா வாரில் சிக்கி, மணப்பெண்ணோடு சேர்த்து என்னையும் கட்டிப் போட்டது தனிக் கதை. பந்தி நடக்கும்போது கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். அக்கா கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இந்த மனுசன் இப்படிச் சிரிச்சு, கல்யாணம் ஆன புதுசுல பாத்ததுடா,” என்றாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆயிரத்து இருநூறு படங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று சிவப்பு எழுத்து வேறு மிரட்டியது. அதற்கு முந்தின வாரம்தான் இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் பாடம் நடத்தியதைப் பார்த்திருந்தேன். ஒரு படத்துக்கு இரண்டு விநாடிதான். பிடித்தால் ‘பி’ பட்டன், வேண்டாமென்றால் ‘எக்ஸ்’ பட்டன். கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் அடுத்த படம் தானே வந்து நிற்கும். யோசிக்கக் கூடாது, யோசிக்கிறவன் தொழில்காரனே இல்லை என்றார் அவர். (யோசிக்காமல் இருப்பதில் எனக்குப் பிறவியிலேயே நல்ல பயிற்சி.)

சட்டம் போட்டுக்கொண்டேன். கலங்கல் என்றால் எக்ஸ். முதுகு தெரிந்தால் எக்ஸ். வாயில் சோறு இருந்தால் எக்ஸ். கண் மூடியிருந்தால் கேள்வியே இல்லை, எக்ஸ். விரல் தாளம் போட்டது. பாதிக்கு மேல் திரையைப் பார்த்தேனா விரலைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் நானூற்றுச் சொச்சம் படங்கள் மிஞ்சின. கடைசியில் மென்பொருள் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, டிஸ்க்கிலிருந்தே அழிக்கவா? டிஸ்க்கிலிருந்தே என்றேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு காதுகுத்து இருந்ததால் கேமரா கார்டையும் துடைத்து வைத்தேன்.

மற்றவர்கள் ஆல்பம் தர மூன்று மாதம் இழுப்பார்கள். நான் பத்தே நாளில் கொடுத்தேன். மச்சான்கூட ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படமெல்லாம் நல்லா இருக்கு மாப்ள என்றார். தன் படம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செம்பனை எண்ணெய் ஆலைக்கு வெளியே லோரிகள் வரிசையில் நின்றன. முன்னால் இருந்த லோரி நகர்ந்தது, மச்சானின் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாராம். மச்சான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். நெஞ்சுவலி என்று யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

மூன்றாம் நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது குரல் போயிருந்தது.

“தம்பி, கல்யாணத்துல சிரிச்சாருல்ல, அந்தப் படம். பதினாறுக்கு அதயே பெருசாக்கி மாலை போட்டு வச்சிரலாம்டா. ஐசி கார்டு படமெல்லாம் வேணாம்.”

அந்தப் படத்துக்கு எக்ஸ் அடித்தது எனக்கு நினைவில் இல்லை. அடிக்காமல் விட்டதும் நினைவில் இல்லை. அந்த இரண்டு விநாடியில் மச்சான் என் முன்னால் நின்று சிரித்திருக்கிறார், நான் பார்க்கவே இல்லை. இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

“இருக்குக்கா,” என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், மிஞ்சிய படங்களில் அது இல்லை. பதினாறுக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. பாயா ரும்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் டிஸ்க், கார்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினேன். ஐந்து நாள் கழித்து அவர் ஆயிரம் படங்களை மீட்டுக் கொடுத்தார். அத்தனையும் காதுகுத்து. தாய்மாமன் மடியில் ஒரு குழந்தை விதவிதமாகக் கண்ணை மூடிக்கொண்டு கதறியது. கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தாக் போலே லா, போஸ்,” என்றார். முடியாது என்று எனக்குத் தெரியும்தான். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது கடை வாசலில் நிறுத்தியிருந்த காடியில் ஏறி, சாவியைப் போட்டும் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழிக்காமல் மிஞ்சியவற்றில் மச்சான் இருக்கும் வேறு படம் தேடினேன். ஒரு படத்தில் தோள் மட்டும். ஒன்றில் சம்பந்தியின் தலைக்குப் பின்னால் ஒரு காது. ஒரே ஒன்றில் முழு முகம், விறைத்து, விசாரணைக் கோலத்தில், கண்ணைத் திறந்துகொண்டு.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முகத்தைத் திருத்தும் வசதி ஒன்று மென்பொருளில் உண்டு. மவுஸால் இழுத்தால் உதட்டோரம் மேலே ஏறும், கண் சுருங்கும். இழுத்தேன். கொஞ்சம் போதவில்லை, இன்னும் இழுத்தேன். கன்னத்தில் வெளிச்சம் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பதினாலாம் நாள் செலண்டாருக்கு எடுத்துப் போனேன்.

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள்.

“இது யாருடா?”

பற்பசை விளம்பரத்துக்கு நிற்கிற யாரோ ஒருவர் மச்சானின் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ் பட்டன், நாற்பது நிமிடம், காதுகுத்து, சீன அங்கிள், எதையும் விடவில்லை. ஷாமினி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன்டா அழிச்ச?”

“கண்ணு மூடியிருந்துச்சுக்கா.”

“சிரிச்சா மூடாதா?”

அக்கா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். பிறகு, பசியாறினியாடா என்று கேட்டாள். இல்லை என்றேன். தோசை ஊற்ற எழுந்து போனாள்.

பதினாறாம் நாள் அடையாள அட்டையிலிருந்த ஐசி படத்தையே பெரிதாக்கி மாலை போட்டோம். மச்சான் எல்லாரையும் விறைப்பாகப் பார்த்தார். வந்தவர்களில் அவரைச் சிரித்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை. எங்கள் மூன்று பேருக்குத் தெரிந்தது. ஷாமினி என்னோடு ஏழு மாதம் பேசவில்லை.

மச்சானின் வருசப் படையலுக்கு எல்லாரும் கூடினோம். சாப்பிட்டு முடித்ததும் ஷாமினிதான் வந்து, மாமா ஒரு ஃபேமிலி படம் எடுங்க என்றாள். கேமராவை எடுத்தேன். “சத்து, டுவா, டீகா” என்று மலாயில் மூன்று வரை எண்ணி அழுத்தினேன். திரையில் பார்த்தால் அக்கா மட்டும் கண்ணை மூடியிருந்தாள். மறுபடி எடுத்தேன். மறுபடி மூடியிருந்தாள். மூன்றாவது தடவையும் அப்படியே.

“வெயிலு கூசுதாக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

“நீ என்ன பண்றன்னு பாக்கிறேன்,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

முதலில் சிரித்தது ஷாமினி. சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து இது எங்கள் குடும்பத்து வழக்கமாகிவிட்டது. கல்யாணமோ காதுகுத்தோ, நான் கேமராவைத் தூக்கி “டீகா” என்றதும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டார் மட்டும் ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டு நிற்பார்கள். ‘கண்ண மூடு, மூடு, மாமா அழிக்கிறாரா பாப்போம்’ என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் எதையும் அழிப்பதில்லை. வீட்டில் இப்போது ஐந்து ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். ஒரு படத்துக்கு இரண்டு விநாடி போதவில்லை.