கச்சான் சரைக்குள்ள கொமாண்டர்

போன சனிக்கிழமை எனக்கு வீட்டில தந்த வேலை, பழைய நியூஸ்பேப்பரைக் கட்டி, ரோட்டில வாற போத்தல் பேப்பர்காரரிட்டக் குடுக்கிறது. அவ்வளவுதான்.

குடுத்தன். கொமாண்டர் தோர்வனையும் சேர்த்துக் குடுத்திட்டன்.

தோர்வன் ஆரெண்டு கேக்கிறீங்களோ? ஒரு கம்பியூட்டர் கேமில வாற விண்வெளிப் படைத்தலைவர். அந்த கேமை வைச்சு இங்கிலீசில கதைப்புத்தகம் பாகம் பாகமா வருது. தலை நரைச்ச பிறகும் அதுகளைக் கண்ணீர் விட்டு வாசிக்கிற ஆள் நான்.

வெள்ளவத்தையில எங்கட பிளாட்டில புத்தகத்தால கால் வைக்க இடமில்லை. இனி ஒண்டும் வாங்கமாட்டன் எண்டு மனுசி வாணியிட்டச் சத்தியம் பண்ணினனான். அதால புதுசா வாங்கினதை நியூஸ்பேப்பர் அடுக்குக்குள்ள ஒளிச்சு வைச்சு வாசிச்சன். பிறகு அந்த அடுக்கை நானே கட்டி, நானே தூக்கிக்கொண்டு போய்க் குடுத்திருக்கிறன். என்ர மூளைக்கு ஒரு கும்பிடு.

அதுவும் எந்த இடத்தில நிப்பாட்டினனான்! கோட்டை வாசல்ல தோர்வன் தனிய நிக்கிறான். கவசம் உடைஞ்சு போச்சு. வெளியில முழுக்க எதிரிப் படை. ஆள் தப்புவானோ சாவானோ தெரியாது.

பின்னேரம்தான் விசயம் விளங்கிச்சு. பேக்கரியில பாண் வாங்கப் போறன் எண்டு வாணியிட்டச் சொல்லிப்போட்டு ஓடிப்போய், பேப்பர்காரரைச் சந்தியில பிடிச்சன். தாள் நல்ல தடிப்பெண்டு, புத்தகத்தைக் கடற்கரையில வறுத்த கச்சான் கடலை விக்கிற முஸ்லிம் நானாவிட்டக் குடுத்திட்டாராம்.

அங்க போனா, நானா புத்தகத்தை முழுசாக் கிழிச்சு, சரை சரையாச் சுத்தி, கச்சானையும் நிரப்பி, தட்டில வடிவா அடுக்கி வைச்சிருக்கிறார். பேப்பரை மட்டும் தரேலுமோ எண்டு இழுத்து இழுத்துக் கேட்டன்.

"பேப்பரத் தந்தா கச்சான என்னத்துல சுத்துற தம்பி? கச்சான வாங்குங்க, பேப்பர் தானா வரும்."

தோர்வனா இருந்தா வாளை உருவியிருப்பான். நான் பேர்ஸை எடுத்தன்.

முதல் சரையைப் பிரிச்சா முன்னுரை. அடுத்ததில படைவீரர் வரிசையில நிண்டு கஞ்சி குடிக்கினம். காசு குடுத்து வாங்கின கச்சானை எறிய மனம் வருமோ, யாழ்ப்பாணத்து ரத்தம் எல்லோ! தின்னத் தின்ன வாங்கினன், வாங்க வாங்கத் திண்டன். வயிறு கல்லு மாதிரி ஆச்சு. முடிவு மட்டும் வரேல்ல.

தட்டில ஒரு சரைதான் மிச்சம். கையை நீட்டினன். இன்னொரு கை முந்திக்கொண்டு எடுத்திட்டுது.

வாணி. பாண் வாங்கப் போன மனுசனைக் காணேல்லையெண்டு தேடி வந்திருக்கிறா.

"பேப்பரைக் கசக்காதையும்!" எண்டு கத்திப்போட்டன். அதோட மாட்டினன்.

அவ கச்சானை வாயில போட்டுக்கொண்டு, ஆறுதலாத் தாளை நிமித்தி வாசிச்சா. எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. பேச்சு வாங்கிறதைப் பிறகு பாப்பம்.

"இஞ்சேருமப்பா, ஆள் உயிரோட இருக்கிறானோ?"

"வாசல் உடையுதாம். மிச்சம் அடுத்த பாகத்தில எண்டு போட்டிருக்கு. நல்லகாலம், அது உங்களிட்ட இல்லை."

"ஓம், இல்லை" எண்டன்.

இப்ப அது அரிசி வாளிக்குள்ள இருக்கு. வீட்டில சோறு அவிக்கிறது நான்தான்.