மஞ்சள் சாரின் டிபன் பாக்ஸ்

அடுத்தவன் நோயைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை டெல்லியில் நான் வேறு கண்டதில்லை. ஆபீசில் அவர் பெயர் மஞ்சள் சார். அசல் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்று தெரியாது.

எண்பதுகளில் நான் கிளார்க்காக இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் விஞ்ஞானி. பிளாஸ்டிக் தட்டின் சின்னக் குழிகளில் ரத்தத்தின் தெளிநீரை விட்டு, என்சைம் சேர்த்து, கழுவி, கடைசியில் நிறம் தரும் மருந்தை ஊற்றுவார். காமாலைக் கிருமி இருந்தால் என்சைம் ஒட்டிக்கொண்டு குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீராகவே கிடக்கும். அந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. யாராவது எட்டிப் பார்த்தால், "அரே, ஜல்தி கதவ மூடுய்யா!" என்று அலறுவார். மஞ்சள் வந்தால், "ஆஹா, என்னமா வந்திருக்கு பாருங்க!" என்று மாலைவரை சிரிப்பு. வராவிட்டால் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்க மாட்டார். நோயாளி பிழைத்ததில் அவ்வளவு வருத்தம்!

இன்னொரு பைத்தியமும் உண்டு. டெல்லி வெயிலில் மருந்தெல்லாம் கெட்டுவிடுமாம். கண்ணில் பட்ட புட்டியிலெல்லாம் பூஞ்சைக்கொல்லி ஒரு சிட்டிகை போடுவார். நல்லவேளை, அவரைச் சமையலறைக்குள் மனைவி விடவில்லை. குடும்பம் தப்பியது.

எனக்கு டெல்லியிலேயே மோதி பாக் பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள். நான் காமாலையில் படுத்தவன் என்று யாரோ வத்தி வைத்துவிட, ரத்தத்தில் கிருமி இல்லையென்று காட்டினால்தான் பெண் என்றார் அவள் அப்பா. மஞ்சள் சார்தான் சோதித்தார். என் குழி தண்ணீர்! நிச்சயதார்த்தத்தன்று லட்டை வாயருகே கொண்டுபோகிறேன், மூச்சிரைக்க நுழைந்தார் மஞ்சள் சார்.

"லட்டக் கீழ வைங்க! ரிசல்ட் செல்லாது!"

பழக்கதோஷத்தில் என்சைம் புட்டியிலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டாராம். என்சைம் செத்துப்போச்சு.

"கண்டிப்பா மஞ்சளாக வேண்டிய நோயாளியோட குழியே ஆகல சார்!"

"அப்போ மாப்பிள்ளைக்கு இருக்கா, இல்லையா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தெரியாது."

"பாவி மனுஷா, நாளைக்கு வந்து சொல்லக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தேன்.

"நாளைக்குள்ள தாம்பூலத் தட்டு மாத்திடுவீங்களே! அந்தப் பொண்ணு என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தப்பு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அந்தச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. என் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

மறு சோதனைக்குப் பெண்ணின் அப்பாவும் இருட்டறைக்கு வந்தார். நோயாளியின் குழி எலுமிச்சம்பழம்போல மின்னியது. மஞ்சள் சார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தண்ணீராகவே கிடந்த என் குழியைப் பார்த்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, "வாங்க மாப்ளே," என்று தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

என் கல்யாணச் சாப்பாடுகூட எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.