பத்தில் ஒரு பங்கைத் தின்ற தராசு

மதிப்பும் அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, பிறந்த மூன்று மாதமாக எங்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கும் சின்ன முதலாளி, எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், நீங்கள் ஓட்டும் பஸ்ஸும் நலமாக இருக்க வேண்டும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு இரண்டே அறை. ஒன்றில் நான் இருமினால் மற்றதில் முதலாளி விழித்துக்கொள்கிறார். நான் சொல்லப்போவதோ உங்கள் தங்கை காதில் விழவே கூடாத விஷயம். அதனால் என் தராசுக் கடையில் உட்கார்ந்து, பழுதுக்கு வந்த காய்கறித் தராசின் தட்டில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது தட்டின் குற்றம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாவற்றுக்கும் மூலம் நீங்கள்தான். நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, இன்னொண்ணு இன்னும் உள்ளேயே இருக்கா?" என்று கேட்டீர்களே. கேட்டு அவளும் சிரித்தாள். ஃபோனை வைத்ததும் பீரோவைத் திறந்து பழைய உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பொத்தான் எட்டவில்லை. மறுநாளிலிருந்து எழுந்ததும் எழாததுமாக வீட்டிலிருக்கும் எடை மேடையில் ஏறுவது, முள்ளைப் பார்ப்பது, பெருமூச்சு விட்டு இறங்குவது, இறங்கியதும் பசிக்கிறது என்பது, பசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வது என்று ஆகிவிட்டது.

பசியைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டோம். "பால் சுரக்க வைக்கிற ஹார்மோனே பசியையும் தூண்டும்மா. தூக்கம் கெட்டா பசி இன்னும் ஏறும், போதும்னு சொல்ற ஹார்மோன் அடங்கிடும். சிலருக்குப் பால் கொடுக்கும்போதே எடை இறங்கும், சிலருக்கு உடம்பு கொஞ்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மெதுவாப் போகட்டும். பட்டினி மட்டும் கிடக்காதே" என்றார். உங்கள் பாஷையில் சொன்னால், விசில் அடிக்க வேண்டிய கண்டக்டர் தூங்கிவிட்டார், வண்டி எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறது. உங்கள் தங்கைக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் தட்டில் பாதியை ஒதுக்கினாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தியாகச் சாப்பிடக் கூச்சப்படுகிறாளோ என்று, அவள் உட்காரும்போதெல்லாம் நானும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஒதுக்கியது வீணாகக் கூடாதே என்று அதையும் கவனித்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? எடை மேடையைக் கவிழ்த்தேன். சாதாரண ஆளாக இருந்தால் பூஜ்யத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருப்பான். அது கற்றுக்குட்டி வேலை, யாரும் ஏறாதபோதே முள் காட்டிக்கொடுத்துவிடும். நான் தொழில் தெரிந்தவன். பூஜ்யத்தைத் தொடாமல் உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் திருகைத் தினம் ஒரு நூலளவு திருப்பினேன். எவர் ஏறினாலும் எடையில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறவரை திருப்பினேன். முள் இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது, தட்டில் மிச்சம் வைப்பதும் நின்றது. என் தொழில்மேல் எனக்கே மரியாதை வந்தது.

அந்த மரியாதை மூன்று வாரம் நீடித்தது. உங்கள் தங்கை பிள்ளையை எப்படி எடை போடுகிறாள் தெரியுமா? அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறுவாள், இறக்கிவிட்டு ஒரு தடவை ஏறுவாள், கழித்துப் பார்ப்பாள். பூஜ்யத்தைத் தள்ளியிருந்தால் இந்தக் கழித்தலில் பிழையே வந்திருக்காது. நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததால் முதலாளிக்கும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பிள்ளை கன்னமும் தொடையுமாக வளர்கிறான், கணக்கில் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். நேற்று அவனை மடியில் வைத்துக்கொண்டு, "என் பால் பத்தலைங்க. நான் சாப்பிடறதெல்லாம் என் உடம்புல தான் ஒட்டுது, அவனுக்குப் போகவே இல்ல" என்று அழுதாள் மச்சான். இன்று பால்பவுடர் டப்பா வாங்கப்போகிறாளாம், கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பாலை நிறுத்திவிடப்போகிறாளாம். அவளுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை, தோற்றுவிட்டதாக நினைக்கிறாள்.

காலையில் காற்று வாங்கக் கூட்டிப்போவதாகச் சொல்லி அவனைக் கடைக்குக் கொண்டுவந்து, இதே தட்டில் துணி விரித்துக் கிடத்திப் பார்த்தேன். படிக்கல் பொய் சொல்லாது. பிள்ளை திவ்யமாக இருக்கிறான். சந்தோஷத்தில் தட்டையும் நனைத்துவிட்டான். துடைத்துவிட்டு அவனைத் திரும்ப வீட்டில் விட்டுவந்தேன். ஆனால் இதை அவளிடம் எப்படிச் சொல்வது? திருகைச் சரிசெய்து அவன் எடை கூடினால் அவள் எடையும் கூடுமே. இந்தக் கவலையில் நானே இளைத்துப்போனேன். மிகைப்படுத்தவில்லை, வீட்டு முள்ளே காட்டுகிறது, ஏழெட்டு கிலோ இறங்கியிருக்கிறேன்.

ஆகவே கடிதம் கைக்குக் கிடைத்த உடனே நீங்கள் ஃபோன் செய்து, "படத்துல பார்த்தேன், பையன் கன்னம் ரெண்டும் தொங்குது, பால் பத்தாத பிள்ளை இப்படியா இருக்கும்?" என்று சொல்ல வேண்டும். நீங்கள் யாரையும் புகழ்கிறவர் இல்லை என்பதால் நம்புவாள். தராசைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீங்கள் பிரேக்கைப் பார்த்து மிதித்து, பல்லாண்டு நல்லபடியாக வண்டி ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கண்கலங்காமல் வைத்திருப்பதாகச் சொன்னவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடிப்பதற்குள் உங்கள் தங்கை ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் எடை மேடையுமாகக் கடைக்கே வந்துவிட்டாள். "நீங்க திருகினது முதல் வாரமே தெரியும். முள் இறங்குது, பொத்தான் மட்டும் எட்டல. பொத்தானுக்கு என்மேல என்ன பாசமா? முள்ளைப் பார்க்கிறப்போ உங்க மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ஆனா எனக்கு மட்டும்தான் குறைச்சிருக்கீங்கன்னு நினைச்சேன், பிள்ளை கணக்குலயும் குறையும்னு தோணவே இல்ல" என்றாள். டப்பா வாங்கப் போன மருந்துக் கடையில் பிள்ளைகளை எடை போடும் தட்டு இருந்ததாம். சும்மா கிடத்திப் பார்த்திருக்கிறாள். "என் பால் பத்துதுங்க" என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது, நானும் அழுதுவிட்டேன். டப்பா வாங்கவில்லை. தன் எடையையும் அங்கேயே பார்த்தாளாம், "இருக்கட்டும், அவன் குடிச்சு முடிக்கட்டும்" என்கிறாள்.

கடையிலேயே திருகைப் பழையபடி வைக்கச் சொன்னாள். வைத்தேன். "இப்ப நீங்க ஏறுங்க" என்றாள். ஏறினேன். முள் இவ்வளவு தூரம் போகும் என்று அதைச் சரிபண்ணிய எனக்கே தெரியாது. உங்கள் தங்கை குனிந்து முள்ளைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பால் கொடுக்கிறது நான். உங்களுக்கு எந்த ஹார்மோன்?"

இதற்குப் பதில் தெரிந்தால் மட்டும் ஃபோன் செய்யவும்.