முடி கொட்டாத கேன்சர்

"டாக்டர் என்னா சொன்னாரு மேஸ்திரி?"

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வாசலில், கூடவே வந்திருந்த உப்பளத்துக் கூலியாள் கன்னியப்பன் கேட்டதும், ரிப்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினார் புருஷோத்தமன்.

"கேன்சர்தானாம்."

டாக்டர் சொன்னது வேறு. இரண்டு மாதத்துக்கு முன் மரக்காணம் உப்பளத்தில் உப்புப் பாத்தியைக் குனிந்து பார்த்த புருஷோத்தமன் அப்படியே மயங்கி விழுந்தார். அதற்கு முன்பே நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். எக்கோ எடுத்ததில், இதயத்துக்குள் எலுமிச்சை அளவு கட்டி.

"இதயத்துல கேன்சர் ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். "இது பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். ஆனா ரத்தம் போற வழிய அடைச்சிரும். நெஞ்சைத் திறந்து எடுத்துடணும். அப்புறம் டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

எடுத்தார்கள். டெஸ்ட் செய்தார்கள். "கேன்சர் இல்லை. வருஷம் ஒருதரம் எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும்" என்று, ரிசல்ட் வாங்க வந்தவரை இன்று அனுப்பிவிட்டார்கள்.

புருஷோத்தமனுக்குச் சந்தோஷம் வரவில்லை. மனைவி ஞானாம்பாள் இறந்த பிறகு மூன்று வருஷமாக ரேடியோவோடுதான் சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகுதான் வீட்டில் ஆள் குரல் கேட்டது. கன்னியப்பன் மனைவி அமராவதி கஞ்சி கொண்டுவந்தாள். உப்பளத்துப் பெண்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நாளைக்கு யார் வருவார்கள்?

பொய் நன்றாகவே வேலை செய்தது. அளவுக்கு மீறி. கஞ்சியில் இருந்த கொஞ்சநஞ்ச உப்பும் நின்றது. உப்பள மேஸ்திரி உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு அவர் பேரில் வேண்டுதல் வைத்தார்கள்.

ஒருநாள் அமராவதி அவர் தலையையே பார்த்தாள்.

"கேன்சர் மருந்து சாப்பிட்டா முடி கொட்டுமாமே, உங்களுக்கு அப்பிடியே இருக்குதே?"

"இது மெதுவாக் கொட்டற மருந்து."

ஒரு வாரம் ஆகியும் ஒரு முடி உதிரவில்லை. வேறு வழியில்லாமல் திண்டிவனம் பஸ் ஏறி, தெரியாத சலூனில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை, அமராவதி கொண்டுவந்த கஞ்சியை அவர் குடித்துக்கொண்டிருந்தபோது கன்னியப்பன் வந்து நின்றான். அவனும் மொட்டை. ஐம்பது வயதிலும் எண்ணெய் தடவி, படிய வாரி, அளத்துக்குப் போகும்போதுகூடச் சட்டைப்பையில் சீப்பு வைத்திருந்தவன்.

"நீங்க மட்டும் தனியா மொட்டையா திரியறது நல்லா இல்ல மேஸ்திரி" என்றான். வெறுந்தலையைக் கூச்சத்தோடு தடவிக்கொண்டான்.

புருஷோத்தமன் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கேன்சர் இல்லப்பா. அன்னிக்கே இல்லன்னு சொல்லிட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

கன்னியப்பன் தரையைப் பார்த்தான். இனி இந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டான் என்று புருஷோத்தமன் நினைத்தார். பின்னால் நின்ற அமராவதி தூக்குவாளியை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"தெரியும்ணா, நீங்க வெளிய வர்றதுக்கு முந்தியே நர்ஸம்மா இவருகிட்ட சொல்லிட்டாங்க, அக்கா போனதுல இருந்து நாங்க எத்தினி தடவ வந்து கூப்பிட்டும் தொறக்காத கதவை, ஆபரேஷன் பண்ணதும்தான் தொறந்தீங்க, ஒண்ணுமில்லன்னா மறுபடி சாத்திடுவீங்கன்னுதான் கேன்சரே இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டோம்."