ஜெனரேட்டர் போட்ட பனி

ரங்கூனில் குளிரை நம்பி யாரும் எதையும் திட்டமிடுவதில்லை. வந்தால் ஒரு வாரம், வராவிட்டால் அடுத்த வருடம். இது தெரிந்தும் நான் ஒரு கல்யாணத்தில் பனி பெய்ய வைத்தேன். (புத்தி சொல்ல ஆள் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.)

கல்யாணம் என் லாத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு. மாப்பிள்ளைக்கு ஜப்பானில் வேலை. அந்த வருடம் மழை நின்றும் வெக்கை நிற்கவில்லை. அலோன் பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவரே வேர்த்துக்கொண்டிருந்தது.

"பனின்னா எப்படி இருக்கும்டா? கல்யாணத்தன்னைக்கே அவரோட நின்னு பாத்துரணும்" என்றாள் லாத்தா.

"நான் இருக்கேன்ல!" என்றேன். அங்கே ஆரம்பித்தது சனி.

சிக்கல் மாப்பிள்ளையின் உம்மா, எங்களுக்கு மாமி. மாவ்பி சந்தையில் வெங்காயம் விற்று மகனை ஆளாக்கியவர். பெண் பார்க்க வந்த அன்றே, "பகட்டுக்காரங்க சம்பந்தம் எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் தேநீரைத் தொட்டார். வாப்பா பதறிப்போய், "எங்ககிட்ட அதெல்லாம் கெடயாது" என்று சத்தியம் செய்யாத குறை. நான் நுரைப் பனி மிஷினை வாடகைக்கு எடுத்தது வாப்பாவுக்குத் தெரியாது.

வாடகைக்குக் கொடுத்த கோ ஸோ பர்மியில் தெளிவாகச் சொன்னார்: "பாதி ஊத்துங்க போதும். முழுசா ஊத்துனா லேசுல நிக்காது." நான் முழுசாக ஊற்றினேன். மேடைக்கு மேலே உத்தரத்தில் மிஷினைக் கட்டிவிட்டு ஏணியைத் திருப்பி அனுப்பினேன். நடுவில் கரண்டு போனால் என்ன ஆவது? அதற்கும் ஒரு ஜெனரேட்டர், தானாகவே ஓட ஆரம்பிக்கிற ரகம்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வாடைக்காற்று இறங்கியது. காலை விருந்துக்கு வந்த ஊரே பாச்சை உருண்டை மணக்கும் ஸ்வெட்டரில் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். முன்னால் ஆவி பறக்க டான்பௌ, எங்கள் ஊர் பிரியாணி. முதல் கவளத்தை எடுத்தார். நான் ரிமோட்டை அமுக்கினேன்.

முதலில் அழகாகத்தான் விழுந்தது. லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தென்று கொட்டியது. டான்பௌவில் நுரை, கம்பளியில் நுரை, மாமியின் மூக்கு நுனியில் நுரை. நனைந்த ரிமோட் செத்துவிட்டது. மண்டபமே பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்க, வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மட்டும் வேர்த்தது.

"யா அல்லாஹ், கரண்டு போகட்டும்!" என்று துஆ கேட்டேன். ரங்கூனில் அப்படிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கரண்டு போனது! மிஷின் நின்றது. வாப்பா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். பின்கட்டில் என் ஜெனரேட்டர் உறுமியது. மறுபடியும் பனி, வாப்பாவின் திறந்த வாய்க்குள்ளேயே.

மாமி எழுந்தார். சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். லாத்தா அழுதுகொண்டே, "மாமி, தம்பி மேல தப்பில்ல. நாந்தான் ஆசப்பட்டேன்" என்றாள். பல் தந்தியடித்ததில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் குளுருல இவ்வளவு மெல்லிசாவா உடுத்துவ? வா புள்ள இங்க." கம்பளியை விரித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு ஜெனரேட்டர் வேறயா, தம்பி?"

எல்லாரும் சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. நுரை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது லாத்தா ஜப்பானில் இருக்கிறாள், மாமியும் கூட. வருடா வருடம் அங்கே முதல் பனி விழுந்ததும் எனக்கு ஒரு வீடியோ வரும். ஒரே கம்பளிக்குள் மாமியாரும் மருமகளும். பேசுவது எப்போதும் மாமிதான்: "தம்பி, இது தானா நின்னுரும். நீ கெளம்பி வந்துராத."