பலகையில் இல்லாத அடை

"சபாஷ், வேங்கடசுப்ரமணியன்! ஒன்பதிலே இருந்த மூணு மாச சுகர் ஆறரைக்கு வந்துடுத்து. என்ன கட்டுப்பாடு!"

டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, வேங்கடசுப்ரமணியனுக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டால் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் மனைவி அம்மிணி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். பாவம், அவருக்குத் துணையாக அவளும் அல்லவா அரிசிச் சோற்றை விட்டிருந்தாள்!

கட்டுப்பாடாவது, மண்ணாங்கட்டியாவது! சாயங்காலம் வாக்கிங் என்று மாட்டுங்கா வீட்டிலிருந்து கிளம்புகிற மனுஷர் நேரே போவது கிங்ஸ் சர்க்கிள் மெஸ்ஸுக்கு. அங்கே பரிமாறுகிற வானமாமலை, பலகையில் எழுதாத அடையை அவருக்கு மட்டும் உள்ளேயிருந்து கொண்டுவந்து வைப்பார். தனக்கென்று ஸ்பெஷலாக என்றால் சும்மாவா? வேங்கடசுப்ரமணியன் இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். பிறகு வீட்டுக்கு வந்து கீரையைக் கொறித்துவிட்டு, "வயிறு நிறைஞ்சுடுத்து" என்பார்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்து ஹால்லே சர்க்கரைக்காராளுக்குக் கூட்டம். எப்படிச் சாப்பிடணும்னு நீங்கதான் பேசறேள்," என்றார் டாக்டர்.

"நானா? லேப்லே ஏதோ தப்பு நடந்திருக்கும், டாக்டர். வேறே எடத்துலே ஒரு தடவை பாத்துடலாமே."

பார்த்தார்கள். அங்கே இன்னும் துளி குறைவாகவே வந்தது. "என்ன அடக்கம்!" என்று பூரித்துப்போன டாக்டர், நோட்டீஸில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

"பெருமையெல்லாம் இவளுக்குத்தான் சேரணும். இவளே பேசட்டும்," என்று நழுவப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பேருமா மேடைக்கு வாங்கோ!"

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா புளுகுவது? அன்றோடு மெஸ் பக்கம் போவதையே நிறுத்தினார். கடைசியாக ஒரு யோசனை தோன்றியது.

"சாப்பாடு இல்லேன்னா எவன் வருவான், டாக்டர்? அதுக்கு ஏற்பாடு பண்ணிண்டு அடுத்த மாசம் வெச்சுக்கலாமே."

"அதுக்கென்னன்னா, கிங்ஸ் சர்க்கிள் மெஸ்லே சொல்லிட்டாப் போறது. நானே சொல்றேன்," என்றாள் அம்மிணி.



ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. மைக்கைப் பிடித்து, "நாக்கைக் கட்டணும்..." என்று ஆரம்பித்தார். கதவைத் திறந்துகொண்டு சாம்பார் பாத்திரத்தோடு வானமாமலை உள்ளே வந்தார். மேடையைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாயிற்று.

"ஏ, நம்ம சாரு! நாலு நாளா ஆளையே காணலியே! உங்க அடை சும்மா ஆறிக் கெடக்கு!"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேங்கடசுப்ரமணியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடையில் உட்கார்ந்திருந்த அம்மிணியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நான் பெரிய திருடன்," என்றார் மைக்கில். "எனக்காக இவ வாயைக் கட்டிண்டு கெடக்கறா. நான் தெனமும் மெஸ்லே போய் அடையா முழுங்கிண்டிருந்தேன். போறாக்குறைக்கு, 'எங்காத்துச் சமையல் வாயிலே வெக்க வழங்கலை, இதுன்னா அடை'ன்னு அந்த வானமாமலைகிட்டே இவளைப் பத்தி வாய் கூசாமச் சொல்லிருக்கேன். என்னைப் பாத்து யாரும் எதுவும் கத்துக்காதீங்கோ."

"போறும்னா, வந்து உக்காருங்கோ," என்று அம்மிணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வானமாமலை பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்ன சார் நீங்க! எங்க மெஸ்ல அடையே கெடையாது. கொள்ளும் பயறுமா அரைச்சு, இந்த மாமிதான் தெனமும் சுட்டுக் கொண்டாந்து தாராவ. வீட்டுல வச்சா நீங்க தொட மாட்டியளாம்லா!"