டெஸ்ட்ராயர் ரெடி, சண்டே காரியம்

சேரப்பணஞ்சேரி,
12-12-1991, வியாழன் காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் தாண்டவராயன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சந்திரம்மாளின் கணவன் முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம். 'அனைவரும்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பதைக் கவனிக்கவும். விசாகப்பட்டினத்தில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் நீண்டுவிடும் என்று தோன்றுகிறது. நடுவில் நிறுத்திவிட்டாலும் விஷயம் புரியும்படி முதலில் சுருக்கம் தருகிறேன்.

1. நான் சாகவில்லை.
2. தங்களுக்கு வந்த தந்தி நான் கொடுத்ததுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை.
3. புதன்கிழமை போலீஸ் வந்தது.
4. கப்பலை ஏரிக்குக் கொண்டுபோன விதம் சரியில்லை.
5. கப்பலுக்குச் சேதம் இல்லை.
6. என்னைப் பற்றித் தங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இது குறை அல்ல. பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

ஏழாவதாக, 'தாங்கள் புறப்பட வேண்டாம்' என்று எழுதி அடித்துவிட்டேன். தங்களுக்கு உத்தரவு போடுவது போல் இருந்தது.

இரண்டு வருடத்திற்கு முன் பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் கட்டத் தொடங்கிய டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் மாதிரி கட்டிலின் மேல் வெறும் எலும்புக்கூடாகக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 'வாத்தியாருக்கு வாளித் தண்ணியே ஆழம். இவுரு டெஸ்ட்ராயர் கட்டி ஏரில வுடப் போறாராம்!' என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது வருடம் கடற்படையில் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் பாதியில் விட மனம் வரவில்லை. இப்போது அது ஆறடி இரண்டு அங்குலம். சுற்றுக் கம்பிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு குண்டூசிகள் (இரண்டாம் முறை எண்ணியபோது முந்நூற்றுப் பதினொன்று). பீரங்கிக் குழல்கள் தீர்ந்துபோன பேனா ரீபிள்கள். உயிர்காப்புப் படகுகள் புங்கங்காய் ஓடுகள். ரேடார் ஒரு டீ வடிகட்டி. நங்கூரச் சங்கிலி சந்திரம்மாளின் அறுந்த கவரிங் செயின். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். சாம்பல் நிறப் பெயின்ட்டைப் பக்கத்து வீட்டுச் சுப்பிரமணி தான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தார். மிச்சம் என்று கொட்டப்போனதாம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுத்தீர்களா என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை, 'சார், நீங்க கப்பல் கட்றீங்களா, கேஸ் கட்டு கட்றீங்களா?' என்று கோபித்துக்கொண்டார். கப்பலை ஓட்டும் ரேடியோ செட் சிங்கப்பூரிலிருந்து வந்தது.

இனி தந்தி. வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் வெள்ளோட்டம் விடுவதாகவும், கப்பல் தெரிந்த ஒருவர், அதாவது தாங்கள், கரையில் நின்று பார்க்க வேண்டும் என்றும் விரும்பினேன். அழைப்பது நான் என்றால் தாங்கள் வருவீர்களோ மாட்டீர்களோ என்ற சந்தேகத்தில் தங்கையின் பெயரைப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. தந்தி வாசகத்தைச் சுருக்கிச் சுருக்கி, பெயர் நீங்கலாக எட்டுச் சொற்களுக்குக் கொண்டுவந்திருந்தேன். தபாலாபீசில் இருந்தவர் நான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த 'வெள்ளோட்டம்' என்பதை எழுத்துக் கூட்டி, 'இன்னா சார் இது, வெள்ளாட்டமா? ஆடு விக்கிறீங்களா?' என்று கேட்டார். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் வரிசை வேறு. யாருக்கும் குழப்பம் வராத எளிய சொல்லாக இருக்கட்டும் என்று அதை அடித்துவிட்டுக் 'காரியம்' என்று எழுதினேன். ஆகத் தங்களுக்கு வந்தது இது: 'டெஸ்ட்ராயர் ரெடி. ரிமோட் பர்ஃபெக்ட். சண்டே காரியம். ஸ்டார்ட் இம்மீடியட்லி. சந்திரா.'

இதை யார் எப்படிப் படிப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மே மாதம் இங்கிருந்து சில மைல் தூரத்தில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு நம் பக்கத்தில் பேட்டரி, ஒயர் என்ற சொற்களைக் கடைக்காரர்கள்கூட மெதுவாகத்தான் சொல்கிறார்கள். யாருக்குச் சந்தேகம் வந்ததென்று தெரியாது; வந்ததில் தவறும் இல்லை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே விடட்டுமா என்று கேட்டுவிட்டு, 'இங்க சந்திரம்மாள் யாரு?' என்றார். கையில் துடைப்பத்தோடு அவள் வந்தாள்.

'நான்தாங்க. இன்னா விஷயம்?'

'டெஸ்ட்ராயர் ரெடின்னு தந்தி குடுத்தது நீங்கதானா?'

சந்திரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எழுதியது நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். 'அப்ப அம்மா பேர எதுக்குப் போட்டீங்க?' என்றார். இதற்கு உண்மையான பதில் மைத்துனர் மேல் உள்ள பயம் என்பதுதான், அதைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கட்டிலின் மேல் தூசி படாமல் போர்த்தியிருந்த வேட்டியை விலக்கினார்.

'இந்தக் கொழா இன்னாங்க ஐயா?'

'டார்பிடோ விடும் குழாய்.'

'இந்த டப்பா?'

'ஆழ்கடல் வெடி. நீர்மூழ்கியின் மேல் போடுவது.'

அவரோடு வந்த கான்ஸ்டபிள் வாசல்படி வரை பின்வாங்கினார். 'இந்தாங்க, அது மாத்திர டப்பான்னு சொல்லித் தொலைங்களேன்!' என்று சந்திரம்மாள் பல்லைக் கடித்தாள். பொருளைப் பார்த்தால் மாத்திரை டப்பா. கப்பலில் அதற்குரிய வேலையைப் பார்த்தால் ஆழ்கடல் வெடி. எது சரி என்று தெரியாமல், 'மாத்திரை டப்பாவில் செய்த வெடி' என்றேன்.

'ஐயா, நீங்க பேசாதீங்க' என்றார் இன்ஸ்பெக்டர். 'பேசப் பேச உங்களுக்குத்தான் கெட்டது. இது பொம்மன்னா தண்ணில ஓட்டிக் காட்டுங்க. போயி திரும்பி வந்துச்சுன்னா நான் கெளம்பிக்கினே இருப்பேன். இல்லன்னா இந்தப் பொட்டி, நீங்க, தந்தில பேரு போட்ட அம்மா, எல்லாரும் ஸ்டேஷனுக்கு வரணும். மேல கேட்டா நான் பதில் சொல்லணும் பாருங்க.'

மைத்துனரே, அந்தக் கப்பல் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டதில்லை. ரிமோட் பர்ஃபெக்ட் என்று நான் எழுதியது கட்டிலில் வைத்துப் பார்த்த சோதனையைக் கொண்டுதான். சந்திரம்மாள் உள்ளே போய் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். 'ஸ்டேஷனுக்குப் போறதுக்கு' என்றாள்.

ஆறடிக் கப்பல் ஜீப்பில் ஏறாது. நைட் ஷிப்ட் முடித்து வந்த சுப்பிரமணியும் இன்னும் மூன்று பேரும் இரண்டு மூங்கிலைக் கட்டி அதன்மேல் கப்பலை வைத்துத் தோளில் தூக்கினார்கள். ரோட்டுத் தூசி பெயின்ட்டில் ஒட்டும் என்று நான்தான் மறுபடி வெள்ளை வேட்டியைப் போர்த்தினேன். ரேடியோப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் சந்திரம்மாள். அதற்குப் பின்னால் ஜீப். வாலாஜாபாத் பஸ் ஓரம் கட்டி நின்றது. டிரைவர் தலைத்துண்டை எடுத்தார். தெருமுனை வீட்டுக் கோவிந்தம்மா ஓடிவந்து, 'ஐயோ வாத்தியாரே! நேத்துகூட நல்லாத்தானே குந்திகினு இருந்தீங்க!' என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

'அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன்' என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அப்ப உள்ள யாரு?'

'டெஸ்ட்ராயர்.'

'எந்த ஊர்க்காரரு, பாவம்!' என்று விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்து, எங்களோடு ஏரி வரைக்கும் வந்தார்.

ஏரி இந்த மழைக்கு நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. கப்பலைத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. அந்த ஒரு நிமிடம் தாங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். விசையைத் தள்ளினேன், மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. முப்பது கஜம் போனதும் வலது பக்கம் திருப்பினேன். அது இடது பக்கம், அதாவது கலங்கல் பக்கம், திரும்பியது. பதறி இன்னும் வலது பக்கம் தள்ளினேன். இன்னும் நன்றாக இடது பக்கம் போனது. கலங்கலுக்கு அப்பால் ஆளுயரப் பள்ளம், பாறை. கான்ஸ்டபிள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

தவறு என்னவென்று இப்போது தெரிகிறது. நான் முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்த்து நின்றவன். எனக்கு வலது என்றால் எதிரே இருப்பவர்களுக்கு இடது என்று மாற்றிச் சொல்லியே பழகியவன். கப்பலையும் அப்படியே அதன் மூக்குக்கு எதிரே உட்கார்ந்து சோதித்து, என் வலது பக்கம் திரும்பியபோது 'சரி' என்று டிக் போட்டிருக்கிறேன். தண்ணீரில் அது முதுகைக் காட்டிக்கொண்டு போகும் என்பதை நினைக்கவில்லை. அங்கே நின்றபோது இதுகூட எனக்குத் தோன்றவில்லை. தங்கள் தங்கைக்குத்தான் தோன்றியது.

'இந்தாங்க! கிளாஸ்ல நிக்கிறா மாதிரி நில்லுங்க! ஏரிக்கு முதுகக் காட்டுங்க!'

அவள் சொன்னதைக் காரணம் கேட்காமல் செய்வது என் வழக்கம். திரும்பி நின்றேன். எதிரே இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள், சுப்பிரமணி, கோவிந்தம்மா. கப்பல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் முகம் தெரிந்தது. வகுப்பில் யாருக்குக் கணக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது போல, கப்பல் எங்கே போகிறது என்று முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கோவிந்தம்மாவின் வாய் திறந்தால் கலங்கல் பக்கம். மெதுவாக மூடினால் அது விலகி வருகிறது. 'இன்னும்... இன்னும்... போதும்!' என்று சந்திரம்மாள் கத்திக்கொண்டே இருந்தாள். ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். கடைசியில் இன்ஸ்பெக்டர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கப்பல் கரையைத் தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

'ஐயா, பொம்மதான். நான் ஒத்துக்கிறேன்' என்றார். 'ஆனா முதுகக் காட்டிக்கினு ஓட்டுன ஆள நான் பாத்ததில்ல.' பிறகு, இனிமேல் யாருக்கும் தந்தி கொடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். தந்தியை விளக்க இன்னொரு தந்தி கொடுக்க முடியாமல் கடிதம் எழுதுவது இதனால்தான்.

கப்பல் திரும்பி வந்தால் மாலை போடுவதாகச் சந்திரம்மாள் கரையிலேயே வேண்டிக்கொண்டாளாம். குன்றத்தூர் முருகனுக்கா கப்பலுக்கா என்று தெளிவாக வேண்டாததால், முதலில் கப்பலுக்குப் போட்டுவிட்டாள். இப்போது அது கூடத்தில் பெஞ்சின் மேல் வேட்டி போர்த்தி, மாலையோடு, தலைமாட்டில் ஊதுபத்தியோடு இருக்கிறது. நீளம் காரணமாகத் தெற்கு வடக்காகத்தான் இடம் கிடைத்தது. கூடத்தில் எனக்கு இடமில்லாததால் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் நீண்ட ஆயுளும், தந்தி வராத நாட்களும் வாய்க்க வேண்டிக்கொள்ளும்,

பணிவுள்ள,
முனிரத்தினம்.

பின்குறிப்பு: அதே நாள், பகல் பன்னிரண்டு மணி. சந்திரம்மாள் கடைக்குப் போயிருக்கிறாள். தாங்கள் சற்று முன் வேனில் வந்து இறங்கியதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் ரோஜா மாலை. எழுந்து வந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் தாங்கள் கூடத்துக்குள் வந்து, அந்த வேட்டியையும் ஊதுபத்தியையும் பார்த்து, 'மாப்ள!' என்று கத்திக்கொண்டு அதன்மேல் விழுந்துவிட்டீர்கள். நறுக்கென்று ஒடிந்தது கொடிமரமும் ரேடாரும். ஐந்தாம் எண் எழுதியபோது உண்மை. இப்போது திருத்த வேண்டியதாகிவிட்டது. ஒடிந்த சத்தத்தை என் விலா எலும்பு என்று நினைத்தீர்களோ என்னவோ, அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது.

'கப்பல முடிச்சிட்டுப் போய்ட்டியே மாப்ள! வைசாக்ல ஒருத்தன் பாக்கி இல்லாம சொல்லிக்கினு திரிஞ்சேனே, எங்க வூட்டு வாத்தியாரு டெஸ்ட்ராயர் கட்றாருடா, உங்களால முடியுமாடான்னு! உன்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே!'

தாங்கள் இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த நேரத்தில் வந்தால் தங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டுகிறேன். பிடித்திருக்கும் கை என்னுடையதுதான், பயப்பட வேண்டாம். முதலில் ஒன்றாம் எண்ணைப் படிக்கவும்.

ஆறாம் எண் தவறு.